வடநாட்டுப் பழைய தெய்வங்களும் இன்றைய வழிபாடும்: ஆசாத்ரூ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசாத்ரூ என்றால் என்ன?

ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன், டென்மார்க் பகுதிகளில் கிறிஸ்தவம் பரவுவதற்கு முன் மக்கள் கும்பிட்டுவந்த தெய்வங்களை இன்றைக்கு மறுபடி கும்பிடும் மதம். ஓடின், தோர், ஃப்ரேயா என்ற பெயர்களைச் சினிமாவிலாவது கேட்டிருப்பீர்கள். 'ஆஸ்' என்பது அத்தெய்வங்களில் ஒரு குலத்தின் பெயர். 'த்ரூ' என்றால் நம்பிக்கை, பற்று. சேர்த்துச் சொன்னால் பழைய சொல்போல ஒலிக்கும். உண்மையில் 19ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது.

வைக்கிங் காலத்து ஆள் ஒருவரிடம் "உங்கள் மதத்தின் பெயர் என்ன?" என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார். விதைப்பதும் அறுப்பதும் போல அதுவும் அன்றாட வழக்கம், அவ்வளவுதான். புது மதம் வந்த பிறகு பிரித்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது. அப்போது 'ஃபோர்ன் சித்ர்', அதாவது 'பழைய வழக்கம்' என்றார்கள். டென்மார்க், ஸ்வீடன் சங்கங்கள் இன்று இந்தப் பெயரைத்தான் வைத்திருக்கின்றன. ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'ஹீதன்' என்று சொல்லிக்கொள்பவர்கள் அதிகம்.

ஆயிரம் ஆண்டுகளாக ரகசியமாகத் தொடர்ந்துவந்த மதமா?

இல்லை. அப்படிச் சொல்லி யாராவது தீட்சை கொடுக்க வந்தால் எழுந்து போய்விடுங்கள்.

ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறியது 999 அல்லது 1000ஆம் ஆண்டில், திங்வெட்லிர் சமவெளியில் கூடிய ஆல்திங் என்ற மக்கள் மன்றத்தில். இரு தரப்பும் தனித்தனிச் சட்டம் கேட்டு மோதலுக்குத் தயாராக நின்றன. முடிவை தோர்கெய்ர் என்ற சட்டம் உரைப்பவரிடம் விட்டார்கள். அவர் பழைய தெய்வங்களைக் கும்பிடுபவர். ஒரு போர்வைக்குள் பகலும் இரவும் பேசாமல் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்துவந்து, நாட்டுக்கு ஒரே சட்டம், எல்லோரும் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்றார். சில விலக்குகளும் வைத்தார்: குதிரை இறைச்சி தின்னலாம், சாட்சி இல்லாமல் வீட்டுக்குள் பலி கொடுக்கலாம். சில ஆண்டுகளில் அந்த விலக்குகளும் போய்விட்டன.

பிறகு எஞ்சியவை கதைகள், பாடல்கள், நிலத்தில் குடியிருக்கும் காவல் ஆவிகள் பற்றிய அச்சம், ஊர்ப்பெயர்கள். வழிபாடு அறுந்துவிட்டது. அதைக் கையிலிருக்கும் துண்டுகளிலிருந்து மறுபடி நெய்திருக்கிறார்கள். எது பழைய நூல், எது புதிதாகச் சேர்த்த நூல் என்று தெரிந்துகொண்டு உடுத்தினால் போதும். கீழே அதை ஆங்காங்கே சுட்டியிருக்கிறோம்.

மறுமலர்ச்சி எப்போது, யாரால்?

1972 ஏப்ரலில், ஐஸ்லாந்தியர்கள் 'கோடையின் முதல் நாள்' என்று கொண்டாடும் விடுமுறையன்று ஒரு சிறு கூட்டம் ஆசாத்ரூ சங்கத்தைத் தொடங்கியது. தலைமை ஏற்றவர் ஸ்வேன்ப்யோர்ன் பேன்டேன்சன். ஆடு வளர்க்கும் விவசாயி, 'ரீமூர்' என்ற பழைய கதைப்பாடல்களை ராகம் போட்டுப் பாடும் கவிஞர். அங்கீகாரம் கேட்டு அமைச்சரைப் பார்த்துவிட்டு வந்த சற்று நேரத்தில் இடி இறங்கி ரெய்க்யவிக்கில் மின்சாரம் போனது என்று ஒரு கதை உண்டு. தோர் கையெழுத்துப் போட்டார் என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அரசின் கையெழுத்து 1973இல் கிடைத்தது.

ஸ்வேன்ப்யோர்ன் 1993இல் இறக்கும்வரை தலைமைப் பூசாரியாக இருந்தார். 2003 முதல் அப்பொறுப்பில் இருப்பவர் இசையமைப்பாளர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன். முழுதாக 4 லட்சம் பேர் இல்லாத நாட்டில் 5,000க்கும் மேற்பட்டோர் உறுப்பினர்கள். பதிவான மற்ற மதச் சங்கங்களைப் போல இதற்கும் தலைக்கு இவ்வளவு என்று அரசு தொகை வழங்குகிறது. இச்சங்கத்தின் கோதிகள் (பூசாரிகள், பெண்ணானால் கித்யா) நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லும். ரெய்க்யவிக்கின் ஓஸ்க்யூலித் குன்றில் கோயில் கட்டும் வேலை 2015இல் தொடங்கியது. பணமும் பாறையும் படுத்திய பாட்டில் இழுத்துக்கொண்டே போனது.

டென்மார்க்கின் சங்கம் 1997இல் தொடங்கி 2003இல் அங்கீகாரம் பெற்றது. ஸ்வீடனில் 1994, நார்வேயில் 1996 முதல் சங்கங்கள் உண்டு. அமெரிக்காவில் 'தி ட்ரோத்' என்ற சங்கம் 1987இல் தொடங்கியது.

புனித நூல் உண்டா? எதை முதலில் படிப்பது?

வேதம் என்று ஒன்று இல்லை. கையில் இருப்பவை இரண்டு எட்டாக்கள். 'கவிதை எட்டா' தெய்வங்கள், வீரர்கள் பற்றிய பழம்பாடல்களின் தொகுப்பு. அதன் முக்கியமான சுவடி 1270களில் எழுதப்பட்ட, 45 தோல் தாள்கள் மிஞ்சிய ஒரு சிறு புத்தகம். நூற்றாண்டுக்கணக்கில் டென்மார்க் அரச நூலகத்தில் இருந்ததை 1971இல்தான் ஐஸ்லாந்துக்குத் திருப்பித் தந்தார்கள். சங்கம் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

'உரைநடை எட்டா'வை 1220 வாக்கில் எழுதியவர் ஸ்னோரி ஸ்டுர்லுசன். அவர் கிறிஸ்தவர், இளங்கவிகளுக்குப் பழைய உவமைகள் புரியவேண்டும் என்று எழுதினார். மதமாற்றம் நடந்து 200 ஆண்டுகளுக்குப் பிந்திய பாடநூல் அது. சீராக, வரிசையாக இருப்பதால் எல்லோரும் அதிலிருந்தே கதை சொல்கிறார்கள். அந்தச் சீர் எவ்வளவு பழையது, எவ்வளவு ஸ்னோரியுடையது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

தொடங்குபவர் முதலில் படிக்கவேண்டியது கவிதை எட்டாவிலுள்ள 'ஹாவமால்'. 164 பாடல்கள். விருந்தாளிக்கு நெருப்பும் உலர்ந்த துணியும் கொடு, அளவாகக் குடி, நண்பன் வீட்டுக்கு அடிக்கடி போ, ஆனால் தங்கிவிடாதே என்பது போன்ற வீட்டு அறிவுரைகளோடு தொடங்கி, ஓடின் மரத்தில் தொங்கிய கதையில் ஆழமாக இறங்கும். பிறகு உலகத்தின் தோற்றமும் அழிவும் சொல்லும் 'வோலுஸ்பா'. அதற்குப் பிறகு ஸ்னோரி. தலைகீழாகப் படித்தால் எல்லாவற்றையும் ஸ்னோரியின் கண்ணாலேயே பார்க்கப் பழகிவிடும்.

எத்தனை தெய்வங்கள்? யாரைக் கும்பிட வேண்டும்?

ஏசிர் ('ஆஸ்' என்பதன் பன்மை), வானிர் என்று இரு குலங்கள். ஏசிரில் ஓடின் (ஞானம், கவிதை, போர், மரணம்), அவர் மனைவி ஃப்ரிக், மகன் தோர் (இடி, மழை, பாதுகாப்பு), ஓநாயின் வாயில் ஒரு கையை இழந்த டீர், காவற்காரர் ஹேம்டால். வானிரில் ந்யோர்ட் (கடல், காற்று), அவர் பிள்ளைகளான ஃப்ரேய்ர் (விளைச்சல், அமைதி), ஃப்ரேயா (காதல், போர், மந்திரம்).

கிழமைகளைப் பாருங்கள். உரோமர்களின் கோள்வாரம் வடக்கே போனபோது செவ்வாய் டீருக்கும், புதன் ஓடினுக்கும், வியாழன் தோருக்கும், வெள்ளி ஃப்ரிக்குக்கும் போயின. அதே கோள்வாரம்தான் வேறு வழியில் நம்மிடமும் வந்து அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஐஸ்லாந்தில் மட்டும் தேவாலயம் இந்தப் பெயர்களை நீக்கி 'மூன்றாம் நாள்', 'வாரத்தின் நடுநாள்', 'ஐந்தாம் நாள்' என்று மாற்றிவிட்டது.

எல்லோரையும் கும்பிட வேண்டியதில்லை. பெரும்பாலானோர் ஒருவரிடமோ இருவரிடமோ நெருக்கமாகி நின்றுவிடுகிறார்கள். தெய்வங்களுக்கு இணையாக முக்கியமானவர்கள் முன்னோரும் 'லாண்ட்வைத்திர்' என்ற நிலக்காவல் ஆவிகளும். ஐஸ்லாந்தின் அரசுச் சின்னத்தில் கேடயத்தைத் தாங்கி நிற்கும் காளை, பெரும்பறவை, டிராகன், மலைப்பூதம் நான்கும் இந்தக் காவலர்களே. எல்லைச்சாமி தெரிந்த ஊர்க்காரருக்கு இது எளிதாகப் பிடிபடும். ஒரு வேறுபாடு: லாண்ட்வைத்திர் குலவழியாக வருபவை அல்ல. அவை இடத்தோடு இருப்பவை. வீடு மாறினால் புது இடத்துக் காவலர்களோடு புதிதாகத்தான் பழகவேண்டும்.

கதைகளில் வரும் தந்திரக்காரர் லோகியைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்குப் பழங்காலத்தில் வழிபாடு இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. இன்று சிலர் அவருக்கும் படைக்கிறார்கள், சில குழுக்கள் அவர் பெயரில் கோப்பை தூக்கக்கூட விடுவதில்லை. ஒரு குழுவுக்கு விருந்தாளியாகப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாதிச் சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

தோர் என்றால் மஞ்சள் முடி, சிவப்பு மேலங்கி?

அது அமெரிக்கக் காமிக்ஸ். கதைகளில் அவருக்குச் செந்தாடி. இரண்டு ஆட்டுக்கிடாய்கள் இழுக்கும் வண்டி. சுத்தியலின் பிடி குட்டை. உழவருக்கும் கடலோடிக்கும் நெருக்கமான சாமி.  கொம்பு வைத்த தலைக்கவசமும் அப்படித்தான்: 1876இல் ஜெர்மனியில் மேடையேறிய இசைநாடகத்துக்கு ஒரு உடையலங்காரக்காரர் வரைந்தது.

இதில் கட்டாயம் நம்ப வேண்டியது என்ன?

அப்படிப் பட்டியல் இல்லை. தெய்வங்களைத் தனித்தனி ஆளாகப் பார்ப்போர் உண்டு. இயற்கை ஆற்றல்களின் பெயர் என்று மட்டும் கொள்வோர் உண்டு. ஒரே வட்டத்தில் நின்று கோப்பை தூக்குவார்கள். பொதுவாக இருப்பது கொடுத்து வாங்கும் உறவு. கொடை கொடையை எதிர்பார்க்கும் என்கிறது ஹாவமால். அளவு மீறிப் படைப்பதைவிட வேண்டாமலே இருப்பது மேல் என்றும் அதே பாடல் எச்சரிக்கிறது. கைநிறைய வாங்கினால் கைநிறையத் திருப்பித் தரவேண்டும்.

'ஒன்பது உயர் பண்புகள்' என்று துணிச்சல், உண்மை, மானம் என அடுக்கிய பட்டியல் இணையத்தில் எங்கும் கிடைக்கும். அது 1970களில் தொகுத்தது. நல்ல பட்டியல்தான், பழைய பட்டியல் இல்லை.

ப்ளோட் என்ற வழிபாட்டை எப்படிச் செய்வது?

ப்ளோட் என்றால் படையல், வழிபாடு. இரத்தம் என்று பலர் தவறாகப் பொருள்கொள்கிறார்கள். அந்த மொழியில் இரத்தத்துக்குச் சொல் 'ப்ளோத்'. இரண்டும் வேறு.

ஐந்து முதல் எட்டுப் பேர் கூடினால் இவ்வளவு போதும்: முக்கால் லிட்டர் பானம் (தேன்மது, பியர் அல்லது ஆப்பிள் சாறு), ஒரு குடிகொம்பு அல்லது கோப்பை, சுமார் ஒரு லிட்டர் கொள்ளும் மரக்கிண்ணமோ மண்கிண்ணமோ, இலையோடு ஒரு சாண் நீளக் கொப்பு, ஒரு ரொட்டி. வெளியில் ஒரு மரத்தடி அல்லது பெரிய கல்லருகே நில்லுங்கள்.

வட்டமாக நின்றதும் ஒருவர் இது யாருக்கான படையல், எதற்காக என்று இரண்டு வாக்கியத்தில் சொல்வார். சண்டை சச்சரவை வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று அமைதி கூறுவது ஐஸ்லாந்து வழக்கம். பிறகு தெய்வத்தைப் பெயர்களாலும் செயல்களாலும் அழைப்பது. தோர் என்றால் "பூமித்தாயின் மகனே, கிடாய் வண்டிக்காரரே, மனித ஊர்களின் காவலரே" என்பதுபோல மூன்று நான்கு பெயர்கள். கொம்பில் பானத்தை ஊற்றி உயர்த்தி அர்ப்பணிப்பார். அது வட்டத்தைச் சுற்றி வரும். ஒவ்வொருவரும் ஒரு வாழ்த்தோ நன்றியோ சொல்லி ஒரு வாய் குடித்துவிட்டு, சிறிது கிண்ணத்தில் ஊற்றி அடுத்தவரிடம் கொடுப்பார்கள். சுற்று முடிந்ததும் கொப்பைக் கிண்ணத்தில் தோய்த்து வந்தவர்கள்மீது தெளிப்பது. எஞ்சியதை மரத்தடி மண்ணில் ஊற்றி, ரொட்டியில் ஒரு பங்கை வைப்பது. மிச்ச ரொட்டியோடு சாப்பாட்டுக்கு உட்காருவது. சடங்கு அரை மணி நேரம், சாப்பாடு மூன்று மணி நேரம். இந்த விகிதம் தலைகீழானால் அடுத்த தடவை ஆள் வராது.

கிண்ணமும் கொப்பும் பழைய நூலில் இருப்பவை. நார்வே அரசன் ஹாகோன் பற்றிய சரித்திரத்தில் ஸ்னோரி, பலி இரத்தத்தைக் கொப்பால் தெளித்ததையும், இறைச்சியைக் கொப்பரைகளில் வேகவைத்ததையும், ஓடினுக்கு வெற்றிக்காகவும் ந்யோர்டுக்கும் ஃப்ரேய்ருக்கும் நல்ல விளைச்சலுக்காகவும் அமைதிக்காகவும் கோப்பை தூக்கியதையும் எழுதுகிறார். நான்கு திசை நோக்கிச் சுத்தியல் குறி போட்டு இடத்தைப் புனிதமாக்கும் 'சுத்தியல் சடங்கு' 20ஆம் நூற்றாண்டில், மேற்கத்திய மந்திரச் சடங்குகளைப் பார்த்து உருவாக்கியது. பல குழுக்கள் செய்கின்றன, ஐஸ்லாந்தில் செய்வதில்லை. விட்டுவிட்டாலும் குறையில்லை.

எங்கே சொதப்பும்?

முதலில் கொம்பு. கொம்பின் கூர்முனை மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்துக் குடித்தால், முனையில் அடைபட்ட காற்று 'களக்' என்று கிளம்பிப் பானம் முழுவதும் முகத்தில் அடிக்கும். முனையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து மெதுவாகச் சாய்க்கவேண்டும். கொம்பில் சூடான எதையும் ஊற்றாதீர்கள். கொம்பு இளகி, எரிந்த முடி வாடை வரும். வெதுவெதுப்பான நீரில் கழுவிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். பால் ஊற்றினால் வாடை தங்கிவிடும், பாலுக்குக் கிண்ணம்தான்.

அடுத்தது, வீட்டுக்குள் படைத்ததைத் தொட்டிச்செடியில் ஊற்றுவது. மதுவும் சர்க்கரையும் வேரைக் கெடுத்துவிடும், மண்ணில் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே கொண்டுபோய்ப் பரவலாக ஊற்றுங்கள். காட்டில் சாக்லேட், உலர்திராட்சை, வெங்காயம் வைக்காதீர்கள். நாய்க்கும் நரிக்கும் நஞ்சு. மரத்தில் நைலான் நாடா கட்டாதீர்கள். நிலக்காவலருக்கு மரியாதை செய்ய வந்து நிலத்தில் குப்பை போட்டுப் போகும் குழுக்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. நெருப்பு மூட்டுமுன் ஊர்ச் சட்டம் பாருங்கள்: நார்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டருகிலும் திறந்தவெளித் தீ தடை.

ஒரே கொம்பில் எல்லோரும் வாய்வைக்க விருப்பமில்லையா? அவரவர் கோப்பையில் ஊற்றிக்கொள்ளலாம். குடிக்காதவர் கொம்பைத் தூக்கி, நெற்றியிலோ மார்பிலோ தொட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தால் போதும். யாராவது வற்புறுத்தினால் தவறு அவருடையது.

சும்பெல் என்பது வேறா?

வேறு. ப்ளோட் தெய்வத்துக்குக் கொடுப்பது. சும்பெல் மேசையில் அமர்ந்து சொல் கொடுப்பது. வழக்கமாக மூன்று சுற்று: முதலில் தெய்வத்துக்கு, அடுத்து முன்னோருக்கு, மூன்றாவதில் தான் செய்துமுடித்ததைச் சொல்லலாம் அல்லது சபதம் எடுக்கலாம். மூன்றாவது சுற்றில்தான் ஆபத்து. கொம்பின்மேல் சொன்ன சபதம் தவறினால் கேட்டவர்கள் எல்லோருக்கும் கேடு என்று எண்ணுவதால், "எப்போதைக்குள்? எப்படி?" என்று குறுக்குக் கேள்வி கேட்க ஒருவரை நியமிப்பார்கள். நாள் குறிக்காத சபதத்தை ஏற்காதீர்கள். புதியவர் மூன்றாவது சுற்றில் நன்றி மட்டும் சொல்வது நல்லது.

தேன்மது வீட்டிலேயே செய்யலாமா?

சங்கப் பாடல்களில் குறவர் மூங்கிலில் முதிரவைத்துக் குடித்த தேறலுக்கு உறவுக்காரப் பானம்தான். ஆனால் முதலில் சட்டம். தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். நார்வேயில் சொந்தப் பயனுக்குப் புளிக்கவைக்கலாம், வடித்து இறக்கக்கூடாது. அனுமதியுள்ள ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த அளவு:

தேன் 1 கிலோ, குளோரின் வாடை இல்லாத நீர் 3 லிட்டர், வைன் ஈஸ்ட் 5 கிராம் பொட்டலம் ஒன்று, ஈஸ்டுக்கான ஊட்டம் பொட்டலத்தில் சொன்ன அளவு. நீரை 40 டிகிரிக்குச் சூடாக்கித் தேனைக் கரையுங்கள். கொதிக்கவைத்தால் மணம் போய்விடும். 25 டிகிரிக்கு ஆறியதும் ஈஸ்டைத் தூவி, கிருமிநீக்கம் செய்த 5 லிட்டர் பாத்திரத்தில் ஊற்றி நீரடைப்பு மூடி (வாயு வெளியேறும், காற்று உள்ளே நுழையாது) போடுங்கள். முதல் மூன்று நாள் நுரை பொங்கும், அதற்காகத்தான் மேலே ஒரு லிட்டர் இடம். 18 முதல் 22 டிகிரியில் நான்கு முதல் ஆறு வாரம். குமிழி நின்றதும் அடிவண்டல் கலங்காமல் வேறு பாத்திரத்துக்குக் குழாய்வழி மாற்றி மூன்று மாதம் தெளியவிடுங்கள். ஏறத்தாழ 12 சதவீத மது தேறும்.

அழுகிய முட்டை வாடை வந்தால் ஈஸ்ட் பட்டினி. தேனில் சர்க்கரை ஏராளம், தழைச்சத்து மிகக் குறைவு, அதனால்தான் ஊட்டம். அவசரப்பட்டுப் பாதி புளித்ததைச் சீசாவில் அடைத்தால் உள்ளே வாயு ஏறிச் சீசா வெடிக்கும். கண்ணாடித் துண்டு கூரையில் குத்தி நிற்கும் அளவுக்கு வெடிக்கும்.

முடியாதவர்கள் ஆப்பிள் சாறோ பாலோ தேன் கலந்த நீரோ வைக்கலாம். மது கட்டாயம் இல்லை.

உயிர்ப்பலி உண்டா?

பழங்காலத்தில் உண்டு. ஸ்வீடனின் உப்சாலாவில் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை மனிதர்களையும் விலங்குகளையும் தோப்பில் தொங்கவிட்டதாக பிரேமன் நகரத்து ஆதாம் 1070களில் எழுதினார். நேரில் பார்த்து எழுதியதல்ல. இன்று ஐஸ்லாந்துச் சங்கம் விலங்குப்பலி கொடுப்பதில்லை. சொந்தமாக ஆடு, பன்றி வளர்க்கும் மிகச் சில குடும்பங்கள் சாப்பாட்டுக்காக அறுப்பதைச் சடங்காகச் செய்கின்றன. நீங்கள் போகும் ப்ளோட்டில் ரொட்டியும் சூப்பும்தான் இருக்கும்.

பண்டிகைகள் எப்போது?

ஐஸ்லாந்தில் நான்கு பெரிய ப்ளோட்கள். டிசம்பர் கதிர்த்திருப்பத்தில், ஆண்டின் மிக நீண்ட இரவையொட்டி, யோல். ஏப்ரல் 19க்கும் 25க்கும் இடைப்பட்ட வியாழனன்று, கோடையின் முதல் நாளில், வெற்றிப் படையல். ஜூனில் திங்வெட்லிரில் மன்றப் படையல். அக்டோபர் 21க்கும் 27க்கும் இடையில் வரும் சனியை ஒட்டிக் குளிர்காலத் தொடக்கப் படையல்.

ஜனவரி இறுதி முதல் பிப்ரவரி வரை வரும் 'தோராப்ளோட்' மத வேறுபாடில்லாமல் ஊரே சாப்பிடும் விருந்து. 19ஆம் நூற்றாண்டில் மீட்டது. புளிக்கவைத்த சுறா, வாட்டிய ஆட்டுத்தலை எல்லாம் வரும். ஆட்டுத்தலையில் நமக்கு அதிர்ச்சி இல்லை. சுறாவின் அமோனியா நெடிக்குத்தான் மனதைத் தயார் செய்துகொள்ளவேண்டும்.

ஆண்டை எட்டாகப் பிரித்து எட்டுப் பண்டிகை சொல்லும் சக்கரம் விக்கா என்ற நவீன சூனிய மதத்திலிருந்து வந்தது. ஸ்னோரி சொல்வது மூன்றே படையல்.

ரூன் எழுத்துகளை வைத்துக் குறி பார்ப்பது பழைய வழக்கமா?

ரூன் முதலில் எழுத்து. பழைய வரிசையில் 24, வைக்கிங் கால வரிசையில் 16. சீப்பில் சொந்தக்காரர் பெயர், கல்லில் இறந்தவர் பெயர் என்று எழுதினார்கள். உரோமர் டாசிடஸ் கி.பி. 98இல் ஜெர்மானியர் சீட்டெடுத்துக் குறி பார்த்ததை விவரிக்கிறார்: காய்க்கும் மரக்கிளையைச் சிறு துண்டுகளாக வெட்டி, குறிகள் இட்டு, வெள்ளைத் துணிமேல் சிதறவிட்டு, வானம் பார்த்து மூன்றை எடுப்பது. அந்தக் குறிகள் ரூன்களா என்பது தெரியாது. இன்றைய முறை இதிலிருந்து எடுத்துக் கட்டியது. எழுத்துகளின் பொருளுக்கு நார்வே, ஐஸ்லாந்து, பழைய ஆங்கில ரூன் பாடல்கள் மூன்றும்தான் அடிப்படை. கடைப் பையில் ஒன்றும் எழுதாத 25ஆவது கல் இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள், அது 1980களின் சேர்க்கை. 18 ரூன் கொண்ட வரிசை 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆஸ்திரிய இனவாதி ஒருவர் புனைந்தது. அதை விலக்குங்கள்.

சுத்தியல் பதக்கம் அணிய வேண்டுமா? மற்ற சின்னங்கள்?

விருப்பம்தான். மியோல்னிர் என்ற தோரின் சுத்தியல் உண்மையில் பழைய சின்னம். டென்மார்க்கின் கேபெலெவ் ஊரில் 2014இல் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுப் பதக்கத்தில் ரூனில் எழுதியிருப்பது "இது சுத்தியல்". சந்தேகம் வேண்டாம் என்று நினைத்தார் போலும். அதே நூற்றாண்டு டேனிஷ் வார்ப்பச்சு ஒன்றில் சிலுவைக்கும் சுத்தியலுக்கும் ஒரே கல்லில் குழி வெட்டியிருக்கிறது. இரண்டு வாடிக்கையாளரையும் விடாத கம்மியர். 2013 முதல் அமெரிக்க முன்னாள் படைவீரர் கல்லறைக் கற்களில் இச்சின்னத்தைப் பொறிக்கலாம்.

'வைக்கிங் திசைகாட்டி' என்று பச்சை குத்திக்கொள்ளும் வெக்விசிர் 1860இல் தொகுத்த ஐஸ்லாந்துச் சுவடியில் உள்ளது. வைக்கிங் யாரும் அதைப் பார்த்ததில்லை.

இது வெள்ளை இனவாதிகளின் மதம் என்கிறார்களே?

இனவாதிகள் இதற்குள் இருக்கிறார்கள். மறைப்பது புதியவருக்குச் செய்யும் துரோகம். நாஜிகள் ரூன்களை எடுத்துச் சீருடையில் தைத்தார்கள்; எஸ்.எஸ். படையின் இரட்டை மின்னல் 'சோவிலோ' என்ற சூரிய எழுத்திலிருந்து வந்தது. 'ஓதலா' எழுத்தை, குறிப்பாகக் கால்கள் வளைந்த வடிவில், இன்றும் தீவிர வலதுசாரிகள் ஏந்துகிறார்கள். அமெரிக்காவில் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு மட்டுமே இம்மதம் என்று சொல்லும் அமைப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றான ஆசாத்ரூ ஃபோக் அசெம்ப்ளியின் நிலைப்பாட்டைக் கண்டித்து 2016இல் 'அறிக்கை 127' வந்தது. பல நாடுகளின் நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் கையெழுத்திட்டன. எண், ஹாவமாலின் 127ஆம் பாடலுடையது: தீமையைக் கண்டால் தீமை என்று சொல், பகைவருக்கு அமைதி கொடுக்காதே. ஐஸ்லாந்துச் சங்கமும் தி ட்ரோத்தும் இனம், நிறம் பார்ப்பதில்லை.

ஒரு குழுவை எடைபோட நேராகக் கேளுங்கள்: "வேற்று இனத்தவர் சேரலாமா?" தெளிவாக "சேரலாம்" என்று வந்தால் சரி. "ஒவ்வொருவரும் அவரவர் மூதாதையர் மதத்துக்குப் போவதுதான் நல்லது" என்று மென்மையாக வந்தால் அதற்கு "கூடாது" என்று அர்த்தம். 'இரத்தம்', 'நம் இனம்' என்ற பேச்சும், 14, 88 என்ற இனவாதிகளின் குறியீட்டு எண்களும் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வாருங்கள்.

அப்படியென்றால் தமிழரான நான் சேரலாமா? மதம் மாற வேண்டுமா?

சேரலாம். ஞானஸ்நானம் போல எதுவும் இல்லை. மற்ற தெய்வங்களைக் கைவிடச் சொல்லும் கட்டளையும் இல்லை. முருகனையும் தோரையும் ஒரே வீட்டில் வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் இருவரும் ஒருவரே என்று உடனே சமன்பாடு போடாதீர்கள். அது இரு பக்கமும் படிக்காமல் தப்பிக்கும் வழி. ஐஸ்லாந்துச் சங்கத்தில் சட்டப்படி உறுப்பினராக அந்நாட்டில் பதிவான குடியிருப்பாளராக இருக்கவேண்டும். பொது ப்ளோட்களுக்கு விருந்தாளிகள் போகலாம்.

செத்த பிறகு எல்லோரும் வல்ஹல்லாவுக்கா?

இல்லை. அது ஓடினின் மண்டபம், போரில் விழுந்தவர்களுக்கு. அவர்களிலும் பாதிப் பேரை ஃப்ரேயா தன் வயல்வெளிக்கு எடுத்துக்கொள்கிறாள். கடலில் மூழ்கியவர் ரான் என்ற கடற்பெண்ணின் வலைக்கு. நோயிலும் முதுமையிலும் போனவர் ஹெல் என்ற கீழுலகுக்கு. அங்கு பொதுவாகத் தண்டனை இல்லை, உறவினர் இருக்கிறார்கள். ஒரு சாகாவில் (பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதை) குடும்பமே தங்கள் ஊர் மலைக்குள் போய் விருந்துண்கிறது. ஒரே பதில் எந்தக் காலத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் மாதம் என்ன செய்யலாம்?

எதுவும் வாங்காதீர்கள். கொம்பு, பதக்கம், சிலை எல்லாம் பிறகு. தினம் ஹாவமாலில் ஐந்து பாடல். முதல் 80 மட்டும் எடுத்துக்கொண்டால் 16 நாளில் முடியும். வாரம் ஒருமுறை, வியாழன் மாலை வைத்துக்கொள்ளுங்கள், வீட்டிலிருக்கும் ஒரு கிண்ணத்தில் அரை டம்ளர் பாலோ சாறோ எடுத்து, அருகிலுள்ள ஒரு மரத்தடிக்குப் போங்கள். ஒவ்வொரு வாரமும் அதே மரம். உங்கள் பெயரைச் சொல்லி, இந்த இடத்துக் காவலருக்கு என்று ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதல் மாதம் எதையும் கேட்காதீர்கள். புதிதாகக் குடிவந்தவர் பக்கத்து வீட்டில் முதல் நாளே கடன் கேட்பதில்லை அல்லவா. கிண்ணத்தை அன்றைக்கே கழுவி வையுங்கள். பால் காய்ந்தால் நாற்றம் போக இரண்டு நாள் ஆகும்.